எல்லோரும் ஒரே நொடியில் கேட்டால்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகப் போகிறது என்று செய்தி வந்துவிட்டால் அன்றிரவு கல்முனைக் கரையோரத்தில் எவரும் நேரத்தோடு உறங்குவதில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் போனும் கையுமாகக் குந்தியிருப்பார்கள். பிள்ளை தன் சுட்டெண்ணை அடிக்கும். வாப்பாவும் தன் போனில் அதையே அடிப்பார். கட்டாரில் வேலை செய்யும் காக்கா அங்கிருந்தும் அடிப்பார். நாடெங்கும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோற்றும் பரீட்சை இது. ஒரு பிள்ளைக்காக மூன்று போன்கள் கேட்டாலே பன்னிரண்டு இலட்சம் கேள்விகள் சில நிமிடங்களுக்குள் ஒரே இடத்தில் போய் விழுகின்றன. இப்படியொரு நேரத்தில் எந்த நாட்டு இணையத்தளமாக இருந்தாலும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். பிறகு “சேவை கிடைக்கவில்லை” என்று வரும். பார்த்தவர்கள் அனைவரும் உடனே மறுபடியும் அழுத்துவார்கள்.

இந்த ‘மறுபடியும்’ என்பதற்குள் கணினி அறிவியலின் ஆழமான பாடமொன்று இருக்கிறது. தரவுத்தளம் ஒன்றைத் திணற வைப்பது முதலில் வந்த கூட்டமாக இருக்கலாம். திணறியதை எழும்ப விடாமல் அமுக்கி வைத்திருப்பது, பெரும்பாலும், பதில் கிடைக்காதவர்கள் ஓயாமல் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். இதை விளங்கிக்கொண்டால் பெறுபேற்றுத் தளம் முதல் பெருநாள் காலத்துத் துணிக்கடையின் பில் மென்பொருள் வரை, எங்கே பிழைக்கிறது, எப்படிச் சீராக்குவது என்பது தெளியும்.

கேள்வி போகும் பாதை

‘கிளவுட்’ என்று சொல்வதெல்லாம் யாரோ ஒருவரின் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைத்தான். இலங்கையில் சிறு நிறுவனம் ஒன்று கிளவுட் தரவுத்தளத்தை வாடகைக்கு எடுத்தால் அது அநேகமாகச் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கும். கல்முனையிலிருந்து புறப்படும் கேள்வி தரைவழிக் கண்ணாடி இழையில் நாட்டைக் கடந்து, கொழும்பிலோ மாத்தறையிலோ கரையேறும் கடலடிக் கேபிளில் இறங்கிப் போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். சிங்கப்பூர் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 2,500 கிலோமீற்றர். ஆகவே போய்வர மட்டும் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்காவது வேண்டும். கேபிள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும்.

புதிதாக ஓர் இணைப்பைத் திறக்க ஒரு தடவை போய்வந்தால் போதாது. முதலில் இரு கணினிகளும் ஒன்றையொன்று அழைத்து ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்து மறையாக்கத் திறவுகோல்களைப் பரிமாற வேண்டும். பிறகு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட வேண்டும். கேள்வி அதற்குப் பிறகுதான் போகும். அதனால் அனுபவமுள்ள நிரலாளர்கள் செயலியைத் தரவுத்தளத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டுவார்கள். ஒருமுறை திறந்த இணைப்புகளை மூடாமல் ஒரு தொகுதியாக வைத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து, அடுத்த வேலைக்கு மீண்டும் எடுப்பார்கள்.

அந்தத் தொகுதிக்கு ஓர் எல்லை உண்டு. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எவரும் மாற்றாதவரை, ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். மைஎஸ்கியூஎல்லுக்கு அந்த எண் 151. எல்லை இருப்பதற்குக் காரணம் உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியொரு செயல்முறையை ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் நினைவகத்தில் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணிக்கையை மனம்போல் உயர்த்தினால் நினைவகம் தீர்ந்து, முழுக் கணினியும் விழுந்துவிடும்.

100 இணைப்புகள் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கேள்விக்கு 20 மில்லி நொடியில் பதில் முடிந்தால், ஓர் இணைப்பு நொடிக்கு 50 கேள்விகளைப் பார்க்கும். 100 இணைப்புகள் 5,000 கேள்விகளைப் பார்க்கும். ஒரு மாவட்டத்துக்கே அது போதும். இப்போது ஏதோ ஒரு காரணத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் 2 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 100 இணைப்புகள் நொடிக்கு வெறும் 50 கேள்விகளைத்தான் முடிக்கும். கணினி மாறவில்லை, கூட்டமும் கூடவில்லை. கொள்ளளவு நூறில் ஒன்றாகிவிட்டது. உள்ளே இருப்போரின் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. அமெரிக்க அறிஞர் ஜோன் லிட்டில் 1961இல் இந்த விதிக்குப் பொதுவான நிறுவலைத் தந்தார். “இணைப்புகள் நிரம்பிவிட்டன” என்ற பிழையைக் கண்டதும் “ஆட்கள் கூடிவிட்டார்கள்” என்று முடிவுகட்டும் பலர், “ஒவ்வொருவரும் ஏன் இவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறார்கள்?” என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

நிரம்பும் முன்பே தொடங்கும் தாமதம்

டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற கணிதவியலாளர், எத்தனை வாடிக்கையாளருக்கு எத்தனை தொலைபேசித் தடங்கள் போதும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1909இல் முதல் ஆய்வை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. கையால் இணைத்த தொலைபேசிக்கு அவர் திறந்த வழி இன்றைய கிளவுட்டுக்கும் செல்லுபடியாகிறது.

அந்தக் கணிதம் சொல்வது இது. கேள்விகள் ஒழுங்கில்லாமல், நினைத்த நேரத்தில் வருகின்றன என்று கொள்வோம். ஒரு கேள்விக்கான வேலை 10 மில்லி நொடி. சேவையகம் தன் திறனில் பாதியளவு வேலை செய்யும்போது, காத்திருப்பும் சேர்ந்து சராசரி 20 மில்லி நொடி ஆகும். 80 சதவீதத்தில் அது 50 ஆகும், 90இல் 100. 95 சதவீதத்தைத் தொட்டால் 200. 99 சதவீதத்தில் 1,000 மில்லி நொடி, அதாவது முழுதாக ஒரு நொடி. 90க்கும் 99க்கும் இடையில் வேலை பத்திலொரு பங்குதான் கூடியது; பதில் வரும் நேரமோ பத்து மடங்காகிவிட்டது.

ஆகவே “நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது” என்பது ஆறுதல் அல்ல. 85 சதவீதத்தில் ஓடும் தரவுத்தளம் வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரியும். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் விற்பனை சற்றுக் கூடினால் போதும். அது வழுக்குச் சரிவில் கால் வைத்துவிடும்.

ஐந்து மணி நேரம் எழும்ப முடியாத தரவுத்தளம்

சரிந்தது ஏன் தானாக எழுவதில்லை என்பதை, அமேசன் நிறுவனமே வெளியிட்ட அறிக்கையொன்று தெளிவாகக் காட்டுகிறது. 2015 செப்டெம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடக்கு வேர்ஜீனியாவில் உள்ள அமேசன் நிலையங்களில், ‘டைனமோடிபி’ என்ற கிளவுட் தரவுத்தளத்தின் சேமிப்புக் கணினிகளில் ஒரு பகுதிக்குச் சிறு வலைப்பின்னல் தடங்கல். பசிபிக் நேரம் அதிகாலை 2.19, நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.49. தடங்கல் விரைவில் நீங்கிவிட்டது. கதை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

டைனமோடிபியில் ஓர் அட்டவணை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பல கணினிகளில் வைக்கப்படுகிறது. எந்தத் துண்டு யாருடைய பொறுப்பு என்ற பட்டியலை உட்சேவை ஒன்று வைத்திருக்கும். தடங்கலிலிருந்து மீண்ட கணினிகள் “என் பொறுப்பு எது?” என்று அந்த உட்சேவையிடம் ஒரே நேரத்தில் கேட்டன. சில காலத்துக்கு முன் அறிமுகமான வசதியொன்றைப் பலர் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால் இந்தப் பட்டியல்கள் பெருத்துப் போயிருந்தன. பதில் வர எடுத்த நேரம், அனுமதித்த நேர எல்லையைத் தாண்டியது. எல்லைக்குள் பதில் பெறாத கணினி, பிழையான தரவைக் கொடுத்துவிடக் கூடாது என்று வாடிக்கையாளரின் கேள்விகளை ஏற்காமல் ஒதுங்கி நின்று, பட்டியலை மறுபடி கேட்டது. மறுபடி கேட்டதால் உட்சேவையின் சுமை ஏறியது. சுமை ஏறியதால் நலமாக இருந்த கணினிகளுக்கும் பதில் பிந்தியது. அவையும் ஒதுங்கின, அவையும் மறுபடி கேட்டன. பசிபிக் நேரம் 2.37க்குள் வாடிக்கையாளர் கேள்விகளில் ஏறத்தாழ 55 சதவீதம் தோல்வியில் முடிந்தது.

பொறியாளர்கள் உட்சேவைக்குக் கூடுதல் கணினிகளைச் சேர்க்க முயன்றார்கள். அது மூச்சுவிட முடியாத அளவு திணறிக்கொண்டிருந்ததால் சேர்க்கும் கட்டளையைக்கூட அதனால் நிறைவேற்ற முடியவில்லை. 5.06க்கு ஒரு முடிவெடுத்தார்கள்: உட்சேவைக்குப் போகும் கேள்விகளை நிறுத்திவைப்பது. சுமை இறங்கியதும் திறனைக் கூட்டினார்கள். பிறகு கேள்விகளை மீண்டும் அனுமதித்தார்கள். 7.10 அளவில் சேவை சீரானது. சிறு தடங்கலுக்கு விலை, ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

காரணம் நீங்கிய பிறகும் நோய் தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும் இந்த நிலையை, 2021இல் நதன் புரொன்சனும் சக ஆய்வாளர்களும் ஒரு தனிவகைத் தோல்வியாக வரையறுத்து எழுதினார்கள். அந்த நிலைக்குள் விழுந்த சேவை, சுமையை வலிந்து குறைக்கும்வரை மீளாது. பெறுபேற்று இரவிலும் இதே வட்டம்தான். பயனர் மூன்று முறை அழுத்துகிறார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் செயலி மூன்று முறை முயல்கிறது. அதற்குப் பின்னாலுள்ள சேவையகமும் மூன்று முறை தரவுத்தளத்தைத் தட்டுகிறது. ஒரு பிள்ளையின் ஒரே கேள்வி 27 கேள்விகளாகிவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் தயாராகும்போது கேட்டவர் பொறுமையிழந்து போயிருப்பார். யாருக்கும் பயன்படாத பதில்களைத் தயாரிப்பதிலேயே தரவுத்தளத்தின் சக்தி கரைந்துபோகும்.

நோயை எப்படிப் பிரித்தறிவது?

“டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை” என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். பிரித்தறியாமல் மருந்து கொடுத்தால் நோய் முற்றும்.

முதலாவது, தரவுத்தளத்தைச் சென்றடையவே முடியாமை. 2025 ஒக்டோபர் 20 தீபாவளித் திங்கள். நம் நேரப்படி நண்பகல் தாண்டியபோது அதே வேர்ஜீனியாவில் அதே டைனமோடிபி மறுபடி எட்டாமல் போனது. இம்முறை அது சுமையில் தொடங்கவில்லை. பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் இணையப் பெயரகத்தை ஒழுங்குபடுத்தும் தானியங்கி நிரலில் ஒளிந்திருந்த பிழை, தரவுத்தளத்தின் முகவரிப் பதிவை வெறுமையாக்கிவிட்டது. தரவு பத்திரமாக இருந்தது. போகும் வழியைச் சொல்ல ஆளில்லை. சினப்சட், சிக்னல் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் தடுமாறின. முகவரி சீரான பிறகும், தேங்கிய வேலைகள் ஒருசேர வந்து மோதியதால் சார்ந்திருந்த சேவைகள் தேற வெகுநேரம் எடுத்தது. இந்த வகை நோய்க்குப் பெயர், முகவரி, வலைப்பின்னல் அனுமதி, சான்றிதழ் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரிய கணினி வாங்குவதால் பயனில்லை.

இரண்டாவது, சென்றடைந்தும் அனுமதி மறுக்கப்படுதல். மைஎஸ்கியூஎல்லில் 1040 என்ற எண்ணோடு வரும் பிழை இதைச் சொல்கிறது: இணைப்புகள் நிரம்பிவிட்டன. அப்போது உள்ளே இருக்கும் இணைப்புகளைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். பல இணைப்புகள் சும்மா நின்றால், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத நிரல் எங்கோ இருக்கிறது. பல இணைப்புகள் ஒரே பதிவின் பூட்டுக்காகக் காத்திருந்தால், அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு முடிக்காமல் கிடக்கும் ஒரேயொரு வேலையைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, அனுமதி கிடைத்தும் பதில் பிந்துதல். இங்கே மெதுவான கேள்விகளின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். நான்கு இலட்சம் மாணவரின் அட்டவணையில் சுட்டெண் வரிசைப்படுத்தப்பட்ட தேடற்சுட்டி இருந்தால், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய் 19 ஒப்பீட்டில் எவரையும் கண்டுபிடிக்கலாம். சுட்டி இல்லையென்றால் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு இலட்சம் பதிவுகளையும் புரட்ட வேண்டும். சோதனைக்கு நூறு பதிவுகளை வைத்து எழுதிய நிரலில் இந்தக் குறை தெரியாது. கூட்டம் வந்த அன்றுதான் தெரியும்.

மருந்து என்ன?

எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்தே மருந்தைத் தெரிவுசெய்ய வேண்டும். பரீட்சைப் பெறுபேறு வெளியான பிறகு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாறப்போவதில்லை. மாறாத பதிலுக்காகத் தரவுத்தளத்தை இலட்சம் முறை தட்டத் தேவையில்லை. ஒவ்வொரு பெறுபேற்றையும் முன்கூட்டியே தனிப்பக்கமாக ஆயத்தம் செய்து, பல இடங்களில் பிரதிகளாக வைத்துவிட்டால் அந்த இரவின் சுமையில் பெரும்பகுதி தரவுத்தளத்தை எட்டாது.

எல்லாவற்றையும் இப்படிப் பிரதியெடுக்க முடியாது. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு இந்தியாவில் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் கோவிட் தடுப்பூசிப் பதிவு திறந்தபோது, கோவின் தளத்துக்கு நிமிடத்துக்கு 27 இலட்சம் கேள்விகள் வந்ததாக அதன் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வராமல் பலர் தவித்தார்கள். தடுப்பூசிக்கான ஓர் இடம் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட மறுகணம் இன்னொருவருக்குக் கிடைக்கக் கூடாது. பழைய பிரதியைக் காட்டினால் பிழை. இப்படிப்பட்ட இடத்தில் கூட்டத்தையே நேரத்தில் பரப்ப வேண்டும்.

பரப்புவது என்றால் என்ன என்பதை இலங்கையர் தங்கள் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறார்கள். 2022இன் நடுப்பகுதியில் எண்ணெய் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. எப்போது பவுசர் வரும் என்று தெரியாததால் தேவைப்பட்டவர், படாதவர் எல்லோரும் நின்றார்கள். நின்றவர் மீண்டும் வந்து நின்றார். அந்த ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அட்டை, அடையாள அட்டை எண்ணையும் வாகனச் செசி எண்ணையும் கொண்டு கியூஆர் குறியீடு வழங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று தொடக்கத்தில் பங்கு வகுக்கப்பட்டது. இலக்கத்தகட்டின் கடைசி எண்ணை வைத்து நாட்களும் பிரிக்கப்பட்டன: 0, 1, 2 என்றால் செவ்வாயும் சனியும், 3, 4, 5 என்றால் வியாழனும் ஞாயிறும், ஏனையவை திங்கள், புதன், வெள்ளி. நாட்டில் எரிபொருள் திடீரெனப் பெருகிவிடவில்லை. இருந்ததை யார் எப்போது வந்து கேட்பது என்பது ஒழுங்கானது. உன் பங்கு உனக்காக இருக்கிறது என்ற உறுதி கிடைத்ததும், பயத்தால் வந்து நின்றவர்கள் வீட்டிலிருந்தார்கள். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி அந்த முறை கைவிடப்படும் வரை, ஒவ்வொரு பெற்றோல் செட்டிலும் சுமையைப் பரப்பும் கணிதம் நடந்துகொண்டிருந்தது.

கணினி உலகில் இதே எண்ணம் 1971இல் ஹவாய்த் தீவுகளில் ஓடத் தொடங்கிய அலோகாநெட் வானொலி வலைப்பின்னலுக்கே பழையது. நோர்மன் ஏப்ராம்சன் குழுவினரின் அந்த ஏற்பாட்டில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் எழுமாறாக ஒரு நேரம் பொறுத்திருந்து மறுபடி அனுப்பும். இரண்டும் ஒரே அளவு பொறுத்தால் மீண்டும் மோதும் என்பதால்தான் எழுமாறு. அடுத்து வந்த ஈதர்நெட், ஒவ்வொரு தோல்விக்கும் பொறுக்கும் கால எல்லையை இரட்டிப்பாக்கும் முறையைச் சேர்த்தது. இன்றைய கிளவுட் நிரலாளருக்கும் விதி இதுவே: தோற்றால் 1 நொடி, பிறகு 2, பிறகு 4, பிறகு 8 என்று எல்லையைக் கூட்டு, அந்த எல்லைக்குள் எழுமாறாக ஒரு கணத்தைத் தெரிவுசெய், சில முயற்சிகளுக்குப் பின் நிறுத்து. மறுமுயற்சியை ஒரே அடுக்கில் மட்டும் வை. எல்லா அடுக்கிலும் வைத்தால் 27 ஆகிவிடும்.

தரவுத்தளத்தின் பக்கமும் ஒரு கடமை உண்டு. தன்னால் முடியாததை வாசலிலேயே மறுக்க அது கற்றுக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் பேர் வந்து ஐயாயிரம் பேருக்கே இடமிருந்தால், ஐயாயிரத்தை நன்றாகக் கவனித்து மற்றவருக்கு “மூன்று நிமிடம் கழித்து வாருங்கள்” என்று உடனே சொல்வது அறம். பத்தாயிரத்தையும் உள்ளே எடுத்து எவருக்கும் பதில் கொடுக்காமல் விடுவது கருணைபோலத் தெரியும்; விளைவு கொடுமை.

கேட்க வேண்டிய கேள்வி

பெரிய கணினியை வாடகைக்கு எடுப்பது கிளவுட்டில் சில நிமிட வேலை. அந்த எளிமையே ஆபத்தும்கூட. சுட்டியில்லாத தேடலையும் திருப்பிக் கொடுக்காத இணைப்பையும் ஓயாத மறுமுயற்சியையும் பணத்தால் சில மாதம் மூடிமறைக்கலாம். மறைத்ததெல்லாம் கூட்டம் கூடும் நாளில் வெளிவரும். அன்றைய விலையைக் கொடுப்பவர் மென்பொருள் எழுதியவர் அல்ல. பெறுபேற்றுக்காகத் தவிக்கும் பிள்ளையும், வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு பில் போட முடியாத கடைக்காரரும், வைத்தியசாலைப் பதிவுக்கு நிற்கும் நோயாளியும்தான் கொடுக்கிறார்கள்.

ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள், நாளை இந்தக் கரையோரத்துக்கும் நாட்டுக்கும் இத்தகைய சேவைகளைக் கட்டப்போகிறவர்கள். ஒரு பதிவில் ஓடும் நிரல் நான்கு இலட்சம் பதிவில் எப்படி ஓடும், 20 மில்லி நொடி 2 நொடியானால் என்ன ஆகும், தோற்றவர் எப்போது மறுபடி கேட்பார் என்ற மூன்றையும் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அவர்கள் நிரலை மக்களிடம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் சேவை வாங்கும் நகரசபையும் பாடசாலையும் கடையும் விலையைக் கேட்பதோடு நிற்காமல் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இது நிரம்பிவிட்டால் மக்களுக்கு என்ன சொல்லும்? அதற்குத் தெளிவான பதில் சொல்லத் தெரிந்தவரிடம்தான் மக்களின் காரியத்தை நம்பிக் கொடுக்கலாம்.